பாதியில் நின்ற ஸ்மார்ட் பிளக்: தொடர்வதா, அப்படியே விடுவதா, வேறு வாங்குவதா?

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, கே.ஆர். புரம் பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, தள்ளுபடியில் நாலு ஸ்மார்ட் பிளக் வாங்கினேன். ஒன்றைத் திறந்து டாஸ்மோட்டா ஏற்றப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. மீதி மூன்றை என்ன செய்ய?" கூடவே இன்னொன்றும் வரும்: "டாஸ்மோட்டாவா, இஎஸ்பிஹோமா, எது நல்லது?"

இரண்டும் பிளக்கில் கம்பெனி வைத்த ஃபர்ம்வேருக்கு (அதை இயக்கும் உள் மென்பொருளுக்கு) பதிலாக நாமே ஏற்றுபவை. எல்லோரும் இரண்டாவது கேள்வியில்தான் மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். என் கணக்கில் அது கடைசியில் வர வேண்டியது. பிளக்கில் எதை மாட்டப் போகிறீர்கள், உள்ளே எந்த சிப் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் ஃபர்ம்வேர் எது என்பது அநேகமாகத் தானே முடிவாகிவிடும். சில பிளக்குகளில் எதையும் ஏற்றாமல் விடுவதே சரி என்றும் தெரிந்துவிடும்.

இவ்வளவு வம்பு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் காரணம், நெட் போனால் பல பிளக்குகளின் ஆப்பும் கூடவே படுத்துவிடுகிறது. கட்டளை உங்கள் ஹாலிலிருந்து எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்ப அதே ஹாலுக்கு வர வேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணம் கர்நாடகத்துக்கே உரியது. கிருஹ ஜோதி திட்டத்தில் ஒரு வீட்டுக்கு நிர்ணயித்த அளவுக்குள் இருந்தால் மின்கட்டணம் இல்லை. ஆனால் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். 2 கிலோவாட் கீசர் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 60 யூனிட். எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க மின்அளவு காட்டும் பிளக் உதவும். அந்தக் கணக்கு ஆப்போடு நிற்காமல் நம் கையில் இருந்தால் இன்னும் வசதி.

## எதை வைத்து முடிவெடுப்பது

லோடு. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்ப்பியர் இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13. பிளக்கின் மேல் 10 ஆம்ப்பியர் என்று போட்டிருந்தால் அது சார்ஜர், விளக்கு, டிவி, ரவுட்டருக்குத்தான். கன்வெர்ட்டர் பின் வைத்து அதை 16 ஆம்ப்பியர் சாக்கெட்டில் செருகி கீசரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; தயவுசெய்து வேண்டாம். ஃபர்ம்வேர் மாற்றினாலும் உள்ளே கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலே அதே ரிலேதான். இன்னொன்று, ரிலேயின் மேல் போட்டிருக்கும் ஆம்ப்பியர் கீசர், அயர்ன் பாக்ஸ் போன்ற நேரான லோடுக்கு. மோட்டார், பழைய ரக ஏசி போன்றவை ஸ்டார்ட் ஆகும் கணத்தில் பல மடங்கு இழுப்பதால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

சிப். டப்பாவில் எழுதியிருக்காது. ஒரே மாடல் எண்ணில் போன வருடம் வாங்கியதில் ஒரு சிப், இந்த வருடம் வேறு சிப் இருப்பது சகஜம். துயா என்ற கம்பெனியின் தளத்தில் ஓடும் பிளக்குகளில் உள்ளே இருக்கும் சின்ன வைஃபை மாட்யூலின் பெயரைப் பார்த்தால் பொதுவாகப் பிடிபடும்: டிஒய்டபிள்யூஇ என்று தொடங்கினால் இஎஸ்பி8266, டபிள்யூபி என்றால் பிகே7231டி, சிபி என்றால் பிகே7231என், டபிள்யூபிஆர் என்றால் ரியல்டெக். டாஸ்மோட்டா இஎஸ்பி குடும்பத்துக்கு மட்டுமே. பிகே சிப்களுக்கு ஓபன்பீக்கென் என்ற ஃபர்ம்வேர் இருக்கிறது. இஎஸ்பிஹோம் 2023 செப்டம்பர் பதிப்பிலிருந்து பிகே சிப்களையும் ஏற்கிறது. இணையத்தில் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு பிகே சிப் மேல் டாஸ்மோட்டாவை ஏற்ற மாதக்கணக்கில் போராடுகிறவர்களுக்கு யாராவது இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

திறக்க முடியுமா. சில பிளக்குகளில் ஸ்க்ரூ இருக்கும். பலவற்றில் பிளாஸ்டிக்கை அல்ட்ராசோனிக் முறையில் ஒட்டியிருப்பார்கள். உடைத்துத்தான் திறக்க வேண்டும், திரும்ப ஒட்டினாலும் பழைய பாதுகாப்பு வராது. வாரண்டி இரண்டிலும் போய்விடும்.

வீட்டில் இருப்பவர்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது அம்மாவோ ரூம்மேட்டோ பட்டனை அழுத்தினால் வேலை செய்ய வேண்டும். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் வேண்டாம்.

## வழி 1: திறக்காமல், வைஃபை வழியாக ஏற்றுவது

இஎஸ்பி8266 காலத்தில் துயா-கன்வர்ட் என்ற கருவி இருந்தது. பிளக்கைத் தொடாமலே டாஸ்மோட்டா ஏறிவிடும். அது பயன்படுத்திய பாதுகாப்பு ஓட்டையைத் துயா அடைத்தது. சிப்பையும் பெரும்பாலும் மாற்றிவிட்டது. இப்போது பிகே7231 சிப்களுக்கு அதே இடத்தில் இருப்பது துயா-கிளவுட்கட்டர். வைஃபை உள்ள ராஸ்பெர்ரி பை அல்லது லினக்ஸ் லேப்டாப் ஒன்று போதும். பிளக்கின் விளக்கு மெதுவாக மினுக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, கருவியின் பட்டியலில் உங்கள் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து ஓட்ட வேண்டும்.

தோற்கும் இடங்கள் மூன்று. ஒன்று, பிளக்கில் இருக்கும் ஃபர்ம்வேர் ஓட்டையை அடைத்த பிறகு வந்தது. இதற்கு மருந்தே கிடையாது. நூறு முறை ஓட்டினாலும் அதே பதில்தான். இரண்டு, உங்கள் ஃபர்ம்வேர் பதிப்புக்கான புரொஃபைல் பட்டியலில் இல்லை. பக்கத்தில் இருக்கும் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் சில நேரம் நடக்கும். மூன்று, பிளக் சரியான நிலையில் இல்லை. வேகமாக மினுக்குவது வேறு நிலை, மெதுவாக மினுக்குவது வேறு. பட்டனை இன்னொரு முறை நீளமாக அழுத்தினால் மாறும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. புது பிளக்கை வாங்கியவுடன் கம்பெனி ஆப்பில் சேர்த்து, "அப்டேட் இருக்கிறது" என்று கேட்டதும் சரி என்று அழுத்திவிட்டால் இந்த வழி அங்கேயே மூடிவிடலாம். ஏற்றும் எண்ணம் இருந்தால் ஆப்பில் சேர்க்காமலே முயலுங்கள். சேர்த்துவிட்டிருந்தால் அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

இது யாருக்கு: ஒரே மாதிரி பிளக்குகள் பல வைத்திருப்பவர்கள், லினக்ஸ் பழகியவர்கள், பிளாஸ்டிக்கை உடைக்க மனமில்லாதவர்கள். ஒரு சாயங்காலம் ஒதுக்கி முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் இழுத்தால் வழி 3-க்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

## வழி 2: திறந்து, வயர் போட்டு ஏற்றுவது

இதுதான் நிச்சயமான வழி, ஆபத்தான வழியும் இதுதான். ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகளில் 3.3 வோல்ட் பகுதி மெயின் கரண்டிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. போர்டில் கிரவுண்டு என்று போட்டிருக்கும் இடத்திலேயே 230 வோல்ட் இருக்கலாம். சுவரில் செருகிய நிலையில் லேப்டாப்பையும் இணைத்தால் லேப்டாப் போகும், நீங்களும் போகலாம். ஏற்றும்போது பிளக் மேசை மேல் இருக்க வேண்டும், கரண்ட் யூஎஸ்பியிலிருந்து மட்டும். பிளக்கின் செய்திப் பதிவை (லாக்) பார்ப்பதற்காகக்கூட இந்த விதியை மீற வேண்டாம்.

லேப்டாப்பை சிப்போடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் எஸ்.பி. ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் கிடைக்கும், சில நூறு ரூபாய்க்குள். வாங்கும்போது 3.3 வோல்ட்டுக்கு மாற்றும் ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். 5 வோல்ட்டில் இந்த சிப்கள் கருகும்.

"பாதியில் நின்றுவிட்டது" என்று வருபவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

இணைப்பே கிடைக்கவில்லை என்றால் முதலில் ஆர்எக்ஸ் (பெறுவது), டிஎக்ஸ் (அனுப்புவது) வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடாப்டரின் டிஎக்ஸ் சிப்பின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். இஎஸ்பி8266-இல் ஜிபிஐஓ 0 என்ற காலை (பின்னை) கிரவுண்டில் வைத்துக்கொண்டே பவர் கொடுக்க வேண்டும். பவர் கொடுத்த பிறகு தொட்டால் பயனில்லை. பிகே7231-இல் அப்படி இல்லை. கம்ப்யூட்டரில் கருவி காத்துக்கொண்டிருக்கும்போது சிஇஎன் காலை ஒரு கணம் கிரவுண்டில் தொட்டு எடுக்க வேண்டும், அல்லது பவரை ஒருமுறை எடுத்துக் கொடுக்க வேண்டும். நேரம் தப்பினால் மறுபடி.

இணைப்பு கிடைத்து, எழுத ஆரம்பித்து, நடுவில் அறுந்தால் சந்தேகிக்க வேண்டியது பவர். எஃப்டிடிஐ சிப் உள்ள அடாப்டர்களின் 3.3 வோல்ட் வெளியீடு வெறும் 50 மில்லிஆம்ப்பியர்தான் தரும். வைஃபை சிப்புக்குச் சில கணங்களில் அதைப் போலப் பல மடங்கு வேண்டும். யூஎஸ்பி கரண்டில் ஓடும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போர்டு ஒன்றைத் தனியாக வைத்து, கிரவுண்டை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக்கினால் பாதிப் பேருக்கு இங்கேயே சரியாகிவிடும். வேகத்தை 115200-க்குக் குறைப்பதும் உதவும்.

எழுதி முடித்தும் பிளக் உயிர் பெறவில்லை என்றால், இஎஸ்பி8266-இல் ஃபிளாஷ் மோடு டவுட் (DOUT) என்று இருக்கிறதா பாருங்கள். பழையதை முழுக்க அழிக்காமல் மேலே எழுதியிருந்தால் அழித்துவிட்டு எழுதுங்கள். பிகே7231-இல் டி-க்கான கோப்பை என்-இல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்று மற்றதில் ஓடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பழைய ஃபர்ம்வேரை முழுசாகப் படித்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிகே7231-இல் அது 2 எம்பி. திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி. கூடுதல் லாபமும் உண்டு. ஓபன்பீக்கென்காரர்கள் பயன்படுத்தும் ஃபிளாஷ் கருவி அந்தக் கோப்பிலிருந்தே எந்தக் காலில் ரிலே, எந்தக் காலில் பட்டன் என்று எடுத்துக் கொடுத்துவிடும். அதைச் செய்யாதவர்கள் பிறகு ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி ரிலே சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நிஜத்தில் நிற்காமலே "நின்றுவிட்டது" என்று தோன்றுவதும் நிறைய. ஃபர்ம்வேர் ஏறிவிட்டது, தன் பெயரில் ஒரு வைஃபையும் காட்டுகிறது, ஆனால் போனில் 192.168.4.1 திறக்கவில்லை. மொபைல் டேட்டாவை அணையுங்கள். "இந்த வைஃபையில் இண்டர்நெட் இல்லை" என்று போன் தானாக வெளியே ஓடியிருக்கும். பக்கம் திறந்து, வீட்டு வைஃபை விவரம் கொடுத்தும் சேரவில்லை என்றால் ரவுட்டரைப் பாருங்கள். ஃபைபர்காரர்கள் தரும் ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் ஒரே பெயரில் இருக்கும், சிலவற்றில் வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்திருக்கும். 2.4-க்குத் தனிப் பெயர், டபிள்யூபிஏ2. பல வீடுகளில் கதை இத்தோடு முடிந்துவிடும்.

இந்த வழிக்கும் வழி 1-க்கும் பொதுவான மறைந்த செலவு மின்அளவு. கம்பெனி ஒவ்வொரு பிளக்கிலும் அளவீட்டைச் சரிசெய்து அதன் ஃபர்ம்வேரோடு வைத்திருக்கும். நீங்கள் புதிதாக ஏற்றியதும் அது போய்விடும். 60 வாட் பல்பை 71 என்று காட்டலாம். கிருஹ ஜோதி கணக்குக்காகவே வாங்கியவருக்கு இது பெரிய விஷயம். குண்டு பல்பு ஒன்றை மாட்டி, இன்னும் கைவைக்காத பிளக் காட்டும் அளவோடு ஒப்பிட்டு, பவர்செட், வோல்டேஜ்செட், கரண்ட்செட் கட்டளைகளால் சரிசெய்யலாம். நாலு பிளக் வாங்கியவர் ஒன்றைத் தொடாமல் வைத்திருக்க இது நல்ல காரணம்.

யாருக்கு: சால்டர் பிடித்துப் பழகியவர், ஸ்க்ரூ உள்ள பிளக், சின்ன லோடு. ஒட்டிய பிளாஸ்டிக்கை உடைத்துத் திறந்த பிளக்கை நான் கீசரில் மாட்ட மாட்டேன், ஃபர்ம்வேர் எவ்வளவு அழகாக ஓடினாலும்.

## வழி 3: கம்பெனி ஃபர்ம்வேரையே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இயக்குவது

ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் இதை மட்டமாகப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துயா பிளக் ஒவ்வொன்றுக்கும் லோக்கல் கீ என்று ஒன்று உண்டு; வீட்டு வைஃபைக்குள்ளேயே பிளக்கோடு பேசத் தேவையான ரகசியச் சாவி அது. துயாவின் டெவலப்பர் தளத்தில் கணக்குத் தொடங்கி, இந்தியா டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுத்து, ஆப் கணக்கைக் கியூஆர் கோடு வழியாக இணைத்தால் அந்தக் கீ கிடைக்கும். அதை ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்க வீட்டிலேயே ஓட்டும் மென்பொருள்) லோக்கல் துயா அல்லது துயா லோக்கல் இணைப்பில் கொடுத்தால் கட்டளை உங்கள் ரவுட்டரைத் தாண்டிப் போகாது. வாரண்டியும் போகாது, மின்அளவும் கெடாது, அம்மாவின் போனில் இருக்கும் ஆப்பும் ஓடும்.

தொந்தரவுகள் இல்லாமல் இல்லை. டேட்டா சென்டரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சாதனப் பட்டியல் காலியாகவே இருக்கும். டெவலப்பர் தளத்தின் இலவசக் காலம் முடிந்ததும் பயப்படுவார்கள். எடுத்த கீ வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பிளக்கை ரீசெட் செய்து மறுபடி ஆப்பில் சேர்த்தால் மட்டும் கீ மாறும், திரும்ப எடுக்க வேண்டும். ரவுட்டரில் அந்த பிளக்குக்கு நிலையான ஐபி ஒதுக்கவில்லை என்றால் கரண்ட் போய் வந்த பிறகு காணாமல் போகும். சில பிளக்குகள் ஒரே நேரத்தில் ஒரு லோக்கல் இணைப்பைத்தான் ஏற்கும். ஹோம் அசிஸ்டன்ட் பிடித்திருக்கும்போது வேறொன்று கேட்டால் திணறும். வெளி நெட்டை முழுக்கத் தடுத்தால் சில மாடல்கள் நிம்மதியாக இருக்கும், சில திரும்பத் திரும்ப வைஃபையை விட்டு வெளியே வந்து சேரும். ஒரு பிளக்கில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

இது யாருக்கு: 16 ஆம்ப்பியர் லோடு உள்ளவர்கள், வாடகை வீடு, வாரண்டி மிச்சம் இருக்கிறவர்கள், ஹோம் அசிஸ்டன்ட் ஏற்கெனவே ஓடும் வீடு. ஹோம் அசிஸ்டன்ட் இல்லை என்றால் இந்த வழிக்கு அர்த்தமில்லை.

## வழி 4: விட்டுவிட்டு வேறு வாங்குவது

ஷெல்லி என்ற கம்பெனியின் சாதனங்கள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே லோக்கலாக, எம்க்யூடிடி (சாதனங்கள் செய்தி பரிமாறும் ஒரு முறை) உட்பட, இயங்கும். எதையும் ஏற்ற வேண்டாம். ஆனால் அவர்களுடைய சிறிய ரிலே மாட்யூல் சுவிட்சுக்குப் பின்னால் சுவர்ப்பெட்டியில் போக வேண்டும். வாடகை வீட்டில் ஓனரிடம் கேட்க வேண்டும், எலக்ட்ரீஷியன் வேண்டும், பழைய கட்டடங்களில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வயரே வந்திருக்காது.

ஜிக்பீ (வைஃபை அல்லாத வேறொரு வயர்லெஸ் முறை) பிளக் என்றால் ஒரு யூஎஸ்பி டாங்கிள் கூடுதல் செலவு. இரண்டு பிளக்குக்காக அதை வாங்குவது வீண். பத்துச் சாதனம் வரப்போகிறது என்றால் அதுவே மலிவு. ஒவ்வொரு ஜிக்பீ பிளக்கும் சிக்னலை அடுத்ததற்குக் கடத்துவதால் நீளமான ஃபிளாட்டில் பால்கனி வரை எட்டும், ரவுட்டருக்கும் சுமையில்லை.

மேட்டர் என்ற, ஸ்மார்ட் சாதனங்களுக்கான பொதுத் தரம் 2022 அக்டோபரில் வந்தது. லோக்கலாக இயங்கும் என்பது அதன் அடிப்படை. ஆனால் மின்அளவு காட்டும் வசதி அந்தத் தரத்தில் 2024 மே மாதம் வந்த 1.3 பதிப்பில்தான் சேர்ந்தது. ஆகவே டப்பாவில் மேட்டர் முத்திரை இருக்கிறது என்பதால் யூனிட் கணக்கும் மேட்டர் வழியாக வரும் என்று நம்பி வாங்க வேண்டாம். வாங்கும் மாடலில் அது இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

| வழி | கையிலிருந்து போவது | நேரம் | எங்கே சிறந்தது | எங்கே வேண்டாம் |
|---|---|---|---|---|
| வைஃபை வழியாக ஏற்றுவது | எதுவுமில்லை | ஒரு சாயங்காலம் | அப்டேட் ஆகாத பிகே7231 பிளக்குகள் பல | புது ஃபர்ம்வேர் |
| வயர் போட்டு ஏற்றுவது | அடாப்டர், வாரண்டி | பழகியவருக்கு ஒரு மணி, மற்றவருக்கு வார இறுதி | ஸ்க்ரூ உள்ள பிளக், சின்ன லோடு | கீசர், ஏசி, மோட்டார் |
| லோக்கல் கீ | எதுவுமில்லை | ஒரு மணி | 16 ஆம்ப்பியர் லோடு, வாடகை வீடு | ஹோம் அசிஸ்டன்ட் இல்லாத வீடு |
| வேறு வாங்குவது | பணம் | குறைவு | சொந்த வீடு, நிறையச் சாதனங்கள் | இரண்டே பிளக் வேண்டியவர் |

நாலு பிளக் வாங்கிய நண்பருக்கு என் பதில்: நின்றுபோன ஒன்று ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது, வாரண்டியும் போய்விட்டது, பவரைச் சரிசெய்து வயர் வழியாகவே முடியுங்கள், விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்றையும் திறக்க வேண்டாம். ஒன்றை மின்அளவு ஒப்பிட அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டில் கிளவுட்கட்டர் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நடக்கவில்லையா, லோக்கல் கீ.

## சரி, டாஸ்மோட்டாவா இஎஸ்பிஹோமா?

இஎஸ்பி சிப் இருந்து, ஹோம் அசிஸ்டன்ட் இல்லை என்றால் டாஸ்மோட்டா. 16 டைமர்கள் பிளக்குக்குள்ளேயே இருக்கும், பிரவுசரில் திறந்தால் எல்லாம் கையில். பிகே சிப்பில் அதே மாதிரி அனுபவம் ஓபன்பீக்கென். ஹோம் அசிஸ்டன்ட்தான் வீட்டை நடத்துகிறது, யாமல் கோப்பு எழுதுவதில் சலிப்பில்லை என்றால் இஎஸ்பிஹோம். இதற்கு மேல் இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

டாஸ்மோட்டா போட்டவர்கள் பெங்களூர் கரண்டுக்கு ஏற்ப சில விஷயங்களை உடனே மாற்ற வேண்டும். முதலாவது நேரம்: அது ஐரோப்பிய நேரத்தில் வரும், டைம்ஸோன் +5:30 கொடுக்காவிட்டால் காலை ஆறு மணி டைமர் பத்தரைக்கோ ஒன்பதரைக்கோ ஓடும். பிளக்குக்குள் பேட்டரி கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து நெட் வராத நேரத்தில் அதற்கு மணி தெரியாது, டைமரும் ஓடாது. ஹோம் அசிஸ்டன்ட் பெட்டியோ ரவுட்டரோ வீட்டுக்குள் நேரம் கொடுக்குமானால் என்டிபி சர்வராக (மணி கேட்கும் இடமாக) அதைக் காட்டலாம்.

இரண்டாவது, ஏப்ரல், மே கோடைமழையில் கரண்ட் விட்டுவிட்டு வருமே, அது. பத்து வினாடிக்குள்ளான இடைவெளியில் ஆறு முறை அணைந்து எரிந்தால், தவறான அமைப்பில் சிக்கிக்கொண்ட பிளக்கை மீட்பதற்கான சைகை அது என்று டாஸ்மோட்டா எடுத்துக்கொண்டு ஏழாவது முறை எல்லா அமைப்பையும் அழித்துவிடும். மழை விட்ட பிறகு பிளக் புதிது போல நிற்கும், ஏன் என்று புரியாது. எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் செட்ஆப்ஷன்65 1 கொடுத்து இதை அணைத்துவிடுங்கள். அதற்கு முன் அணைத்தால் அவசரத்துக்கு உதவும் அந்தக் கதவும் மூடிவிடும்.

மூன்றாவது பவர்ஆன்ஸ்டேட். கரண்ட் வந்ததும் பிளக் என்ன செய்ய வேண்டும் என்பது இது. டாஸ்மோட்டா சாதாரணமாகக் கடைசியாக இருந்த நிலைக்கே போகும். அயர்ன் பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், நீங்கள் மறந்து ஆபீஸுக்குக் கிளம்பியிருந்தால் அது ஆபத்து. சூடாகும் சாமான்களுக்கு 0, ஃப்ரிட்ஜ், மீன்தொட்டி, ரவுட்டருக்கு 1.